பொறி வைக்காத வயல்ல பூச்சி இல்லை

இந்த வாரம் சின்ன வெங்காய விலையைப் பத்தி எழுதலாம்னு இருந்தேன். அது அடுத்த வாரம். டீக்கடையில கேட்ட ஒரு பேச்சு மனசை விட்டுப் போகல.

ஐப்பசி மழை விட்டதிலிருந்து எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேர் காய்ச்சல்ல கிடக்கிறாங்க. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "நம்ம மாவட்டத்துல டெங்கு ரொம்பக் கம்மி தம்பி, மெட்ராஸ்லதான் ஜாஸ்தி. இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா?" என்றார். நான் பதில் சொல்லல. 2021 மே மாசம் இதே பேச்சை நானே பேசியிருக்கேன். அதுக்கு என்ன விலை கொடுத்தேன்னு கடைசியில சொல்றேன்.

நாங்க பெரம்பலூர் பக்கம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. 2018ல படைப்புழு வந்தப்ப இந்தப் பகுதி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் நான் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கக் கத்துக்கிட்டேன். காலையில போய் எத்தனை அந்துப்பூச்சி விழுந்திருக்குன்னு எண்ணி நோட்டுல எழுதுவேன். பக்கத்து வயல்காரர் பொறி வைக்கல. "உன் வயல்லதான்யா பூச்சி, என் வயல்ல ஒண்ணுகூட இல்லை" என்பார். பத்து நாள் கழிச்சுக் குருத்தைப் பிரிச்சுப் பார்த்தால் ரெண்டு வயல்லயும் புழு. அவர் வயல்ல கூடுதலாவே இருந்துச்சு, ஏன்னா நான் முன்னாடியே மருந்து அடிச்சுட்டேன்.

பொறியில விழுறது ஆண் பூச்சி மட்டும்தான். வயல்ல இருக்கிற மொத்தப் பூச்சி அது இல்லை. ஆனாலும் அந்த எண்ணிக்கை பொய்யும் இல்லை. அதே பொறி, அதே இடம், தினமும் அதே நேரம்னு எண்ணினால், கூடுதா குறையுதான்னு அது சரியாச் சொல்லும். மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லாது. நோய்க் கணக்கும் எனக்கு இப்படித்தான் தெரியுது.

2020 ஏப்ரல் கடைசியில கோயம்பேடு மார்க்கெட்ல கொரோனா பரவி, மே 5ஆம் தேதி மார்க்கெட்டை மூடினாங்க. அங்க மூட்டை தூக்கிக்கிட்டிருந்த நம்ம பக்கத்துப் பையன்கள் கிடைச்ச லாரியில ஏறி ஊருக்கு வந்தாங்க. வந்தவங்களைத் தேடிப் பிடிச்சுச் சோதனை பண்ணினாங்க. பெரம்பலூர், அரியலூர், கடலூர், விழுப்புரம்னு எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறுச்சு. ஊரே நடுங்குச்சு. தகரம் அடிச்சோம், முள்ளு வெட்டிப் போட்டு ரோட்டை மறிச்சோம்.

அப்புறம் ஆடி, ஆவணி, புரட்டாசி. யாரும் யாரையும் தேடல. காய்ச்சல் வந்தவங்களும் கசாயம் குடிச்சுட்டு வீட்டுலயே இருந்தாங்க. எண்ணிக்கை அடங்குச்சு. அந்த வருஷம் முடியறப்ப, மாநிலத்துலயே குறைஞ்ச கணக்கு உள்ள மாவட்டங்கள்ல நம்மளுதும் ஒண்ணு. மொத்தமே ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டோம். "வெயில்ல உழைக்கிற உடம்பு, நம்மகிட்ட ஒண்ணும் நெருங்காது."

அதே 2020 அக்டோபர், நவம்பர்ல பொது சுகாதாரத் துறை மாநிலம் முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்துச்சு. இருபதாயிரத்துக்கும் மேல ஆளுங்க. கிருமி உடம்புக்குள்ள வந்து போன தடயம் ரத்தத்துல இருக்கான்னு பார்க்கிற சோதனை. மாநிலம் முழுக்க மூணுல ஒருத்தருக்குக் கொஞ்சம் குறைவாத் தடயம் இருந்துச்சு. அதாவது ரெண்டு கோடிக்கும் மேல. அந்த நேரத்துல பேப்பர்ல வந்துக்கிட்டிருந்த மொத்தக் கணக்கு ஏழு லட்சத்துச் சொச்சம்தான்.

எந்த மாவட்டம் முதல் இடம்? நம்ம பெரம்பலூர்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்து போயிருக்கு. கணக்குல கடைசியில நின்ன மாவட்டம், ரத்தத்துல முதல்ல நின்னுச்சு.

இதைப் படிச்ச அன்னைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுச்சு. 2020 மே மாசம் எண்ணிக்கை ஏறினது தேடினதால. அப்புறம் இறங்கினது தேடாததால. நாங்க பயந்த நேரமும் தப்பு, தைரியமா இருந்த நேரமும் தப்பு.

சாவுக் கணக்கும் அப்படியே. 2020 ஜூலை 22ஆம் தேதி, முன்னாடியே இறந்துபோன 444 பேரைச் சென்னைக் கணக்குல ஒரே நாள்ல சேர்த்தாங்க. அன்னைக்கு எண்ணிக்கையைப் பார்த்தவன், ஒரே நாள்ல அத்தனை பேர் செத்தாங்கன்னு நினைச்சிருப்பான். நாடு முழுக்க 2021 முடிய அரசு கணக்குல ஏறக்குறைய 4.8 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாசம் சொன்ன மதிப்பீடு 47 லட்சம். மத்திய அரசு அதை ஒத்துக்கல. எது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் கணக்குக்கு வராத சாவு இருந்துச்சுன்னு சுடுகாட்டுக்குப் போய் வந்த எல்லாருக்கும் தெரியும்.

இப்ப என் கதை. 2021 மே மாசம் எங்க பெரியப்பாவுக்குக் காய்ச்சல், இருமல். அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறேன்னான். நான்தான் தடுத்தேன். "நம்ம பக்கம் கேஸ் கம்மி. டெஸ்ட் எடுத்தா வீட்டுல நோட்டீஸ் ஒட்டுவான், பால்கூட யாரும் வாங்க மாட்டாங்க." ஆறாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. விடியறதுக்குள்ள போயிட்டார். சான்றிதழ்ல மாரடைப்பு. பின்னால அரசு 50,000 ரூபாய் நிவாரணம் அறிவிச்சப்ப பெரியம்மா விண்ணப்பிச்சாங்க. டெஸ்ட் சீட்டு கேட்டாங்க. எங்ககிட்ட இல்லை. பெரியப்பா எந்தக் கணக்குலயும் இல்லை. கணக்கு கம்மின்னு நம்பினவனும் நான்தான், கணக்கைக் கம்மி ஆக்கினவனும் நான்தான்.

அதனால சொல்றேன். பேப்பர்ல ஒரு எண்ணைப் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, எத்தனை பேரைச் சோதிச்சாங்க? நூறு பேரைச் சோதிச்சதுல ரெண்டு பேருக்கு இருந்தா, ஓரளவு நல்லாத் தேடுறாங்கன்னு அர்த்தம். இருபது பேருக்கு இருந்தா வெளியில இன்னும் நிறையப் பேர் கிடக்கிறாங்க. 2021 மே 21ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 கேஸ். அன்னைக்கு நிலைமை நூத்துக்கு இருபதுக்கும் மேல.

ரெண்டு, இது எப்ப நடந்தது? கிருமி உள்ள போய், காய்ச்சல் வந்து, சோதனைக்குப் போய், முடிவு வர்றதுக்குள்ள ஒரு வாரம், பத்து நாள் ஓடிடும். இன்னைக்கு எண்ணிக்கை போன வாரத்துக் கதை. சாவு அதுக்கும் பின்னால வரும். அந்த மே மாசம் கேஸ் இறங்க ஆரம்பிச்ச பிறகும் ஒரு வாரம்போல சாவு ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு.

மூணு, யார் விட்டுப்போனாங்க? டெங்குக் கணக்குல வர்றது சோதனை பண்ணி உறுதியானவங்க மட்டும். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டுக் களை எடுக்கப் போனவங்க அதுல இல்லை.

கணக்கு எல்லாம் பொய்னு சொல்ற கூட்டத்துல நான் சேரல. அப்படிச் சொல்றவனும், கணக்கே முழு உண்மைன்னு சொல்றவனும் கடைசியில ஒரே வேலையைத்தான் செய்றாங்க, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. வர்ற எண்ணிக்கையைக் குறைஞ்சபட்சம்னு வச்சுக்கிட்டு, நம்ம தெருவை நாமே பார்க்கணும்.

காய்ச்சல்னா கிராம செவிலியர்கிட்ட சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. எத்தனாவது நாள் காய்ச்சல்னு மறக்காம சொல்லுங்க. டெங்குல முதல் அஞ்சு நாளைக்கு ஒரு சோதனை, அதுக்கு மேலன்னா வேற சோதனை. ட்ரம், தொட்டி, பழைய டயர்ல நிக்கிற தண்ணியைக் கொட்டுங்க. ஒரு தெருவுல அஞ்சு பேர் காய்ச்சல்னு சேர்ந்து போய்ச் சொன்னாத்தான் முகாம் போடுவாங்க, புகை அடிக்க ஆள் வரும். மறைச்சா நம்ம ஊர் சுத்தமான ஊராவே கணக்குல இருக்கும்.

நேத்து சாயங்காலம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பேத்திக்கு மூணு நாளாக் காய்ச்சலாம். பெரியப்பா கதையைச் சொன்னேன். ஒண்ணும் பேசல. இன்னைக்குக் காலையில என் வண்டியிலதான் ரெண்டு பேரையும் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்திருக்காங்க, முடிவு நாளைக்கு வரும்.