ஏலூரின் புகைபோக்கி ஏன் சிறுத்தது?

கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவருக்குத் துறைதோறும் ஓர் அறிவுரை கிடைக்கிறது: “கிடைப்பதில் மிக அகலமான லென்ஸை வாங்கு, எல்லாம் படத்தில் வந்துவிடும்.” உதவித்தொகையில் ஒரு பங்கு 10-22 மி.மீ., 11-16 மி.மீ. என்று எண் பொறித்த ஒரு கண்ணாடிக் குழலுக்குப் போகிறது. இந்த அறிவுரை பிழையானது. பொருள்கள் யாவும் சட்டத்துக்குள் வருவது வேறு. அப்பொருள்களுக்கு இடையே இருந்த உறவு வருவது வேறு.

ஏலூரை எடுத்துக்கொள்ளலாம். கொச்சி நகருக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த சிறு தீவு. உரம், பூச்சிக்கொல்லி, அரிய மண் தனிமங்கள் என ஆலைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. வீடுகளும் அவற்றையொட்டியே நிற்கின்றன. இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் ஆலையை ஒட்டி ஓடும் குழிக்கண்டம் தோட்டில் 1999-இல் கிரீன்பீஸ் மாதிரிகள் எடுத்தபோது டி.டி.டி.யும் அதன் சிதைவுப் பொருள்களும் கண்டறியப்பட்டன. (மலையாளத்தில் தோடு என்பது ஓடை, காதணியன்று.) 2004 ஜூலையில் அதே ஆலையில் தீ மூண்டது. ஆக, ஏலூரில் ஆவணப்படுத்த வேண்டிய முதற்பொருள் புகையன்று, நீருமன்று, தூரம். ஒரு வீட்டின் சமையற்கட்டிலிருந்து ஆலைச் சுவர் எத்தனை அடி என்பதுதான் அங்கே வழக்கு.

அந்தத் தூரத்தைத்தான் அகலக்கோண லென்ஸ் குலைக்கிறது. கணக்கு எளிது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குப் பின்னால் ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில் 40 மீட்டர் புகைபோக்கி நிற்கிறது என்க. அவரிடமிருந்து 2 மீட்டரில் நின்று 16 மி.மீ. லென்ஸால் எடுத்தால் அவர் சட்டத்தின் பாதிக்கு மேல் நிறைவார். புகைபோக்கி அவர் உயரத்தில் கால்பங்கு, காதோரம் செருகிய பென்சில் போலத் தெரியும். 10 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கி 50 மி.மீ. லென்ஸால் எடுத்தால் அவர் சட்டத்தில் மூன்றிலொரு பங்காவார். புகைபோக்கியோ அவரை விஞ்சி, அவர் தலைக்கு மேல் எழும். மனிதர் அவரே, ஆலையும் அதுவே. முதற்படத்தைப் பார்ப்பவர் “ஆலை எங்கோ இருக்கிறதே” என்பார். ஆலை நிர்வாகம் தன் விளம்பரத்துக்கு வேறு படம் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: பொருள்களின் அளவு விகிதத்தை மாற்றுவது நிற்குமிடம்தான், லென்ஸ் அன்று. முற்றிலும் சரி. ஆனால் நிற்குமிடத்தைத் தீர்மானிப்பது எது? அகன்ற லென்ஸ் கையிலிருந்தால் கால்கள் தாமாகவே முன்னே போகின்றன. அருகே போனாலன்றிச் சட்டம் வெறுமையாகத் தெரியும். தமிழ் இலக்கணம் அண்மைக்கு இகரத்தையும், சேய்மைக்கு அகரத்தையும், இடைப்பட்டதற்கு உகரத்தையும் சுட்டாக வகுத்தது. பேசுபவர் நிற்குமிடமின்றிச் சுட்டு இல்லை. ஏலூர்வாசி “இந்த ஆலை” என்று சொல்வதை அந்தப் படம் “அந்த ஆலை” என்று பெயர்த்துவிடுகிறது.

தோட்டுக்கு நேர்வது இதற்கு மறுதலை. கேமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி அகன்ற லென்ஸால் எடுத்தால், சிற்றோடை ஆறாக விரியும். கழிவு தங்குவதற்குக் காரணமான குறுகலே படத்திலிருந்து மறைந்துபோகும். 2024 மே மாதம் பாதாளம் தடுப்பணைக்குக் கீழே பெரியாற்றில் மீன்கள் திரளாகச் செத்து மிதந்தன. காரணம் குறித்துத் துறைகளுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. காரணத்தை எந்தப் படமும் நிறுவாது. எனினும் செத்த மீனுக்கும் ஆலையின் வெளியேற்றுக் குழாய்க்கும் இடைப்பட்ட தூரத்தைப் படம் பொய்யாக்காமல் இருக்கலாம்.

மனிதர்களுக்கு நேர்வது இன்னும் மோசம். நேர்கோடுகளை நேராகவே காட்டும் 16 மி.மீ. லென்ஸில் சட்டத்தின் பக்க ஓரத்தில் அமர்ந்தவரின் தலை, உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலும். இது மலிவான லென்ஸின் குறையன்று. விலையுயர்ந்ததிலும் வடிவியல் அதுவே. தகவலாளியின் முகத்தை இப்படி இழுத்து ஆய்வேட்டில் ஒட்டுவதை எந்த நெறிமுறைக் குழுவும் கேள்வி கேட்பதில்லை என்பது வியப்பு.

அகலக்கோணம் அறவே வேண்டாம் என்பதன்று வாதம். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தின் உட்புறமோ, யூதத் தெருவின் மசாலாக் கிடங்கோ என்றால் பின்வாங்கச் சுவர் விடாது. அங்கே அது வேண்டும். ஏலூரில் ஆற்றங்கரையும் சாலையும் திறந்து கிடக்கின்றன. பின்னே நடக்கத் தடையில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பொறித்த எண்ணை நம்பக் கூடாது. 1.6 மடங்கு சிறிய உணரியுள்ள கேமராவில் 10 மி.மீ. என்பது முழுச்சட்டத்தின் 16 மி.மீ. தரும் காட்சியையே தரும். முழுச்சட்டத்துக்கான 16 மி.மீ. லென்ஸை அதில் பொருத்தினால் 26 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். கைப்பேசியின் 0.5 பொத்தானோ, ஓர முகங்களை மென்பொருளால் தானே திருத்திவிடுகிறது. எதைத் திருத்தியது என்று எழுதி வைப்பதில்லை. ஒலிப்பதிவுக்கு ஒலிவாங்கியின் பெயர், பதிவு வீதம், அறையின் தன்மை என எல்லாம் கேட்கும் தேர்வாளர்கள், படத்தின் கீழே குவியத்தூரத்தையும் உணரி அளவையும் நின்ற இடத்தின் தொலைவையும் ஒரு வரியில் கேட்கலாம். முன்னட்டைப் படத்திலிருந்தே தொடங்கலாம்.