எடை குறைக்குமா மருந்துக்கூர்க்கன்? யார் எடுக்கக் கூடாது?

காரிமங்கலம் அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்திலும், பக்கத்து சேலம் மாவட்டத்திலும் ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் மூலிகை மருந்துக்கூர்க்கன். துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பம்தான் இதுவும். நம்மூர் வயலில் தோண்டும் வேர், சாறாகி, ‘எடை குறைக்கும்’ மாத்திரையாகக் கடைக்கு வருகிறது. ‘மூலிகைதானே, என்ன ஆயிடப்போகுது?’ என்று வாங்குவோர் கவனிக்க வேண்டியவை என்ன?

வேரில் என்ன இருக்கிறது?

வேரில் உள்ள ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளை 1970-களில் லக்னோ, மும்பை ஆய்வகங்கள் தனித்தனியே பிரித்தெடுத்தன. இது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும். இதிலிருந்து உருவான ஊசி மருந்து ஒன்று ஜப்பானில் இதயச் செயலிழப்புக்குப் பயன்படுத்தப்பட்டது.

எடை குறையுமா?

ஆதாரம் குறைவு. 2005-ல் வெளியான ஆய்வில், உடல் பருமன் கொண்ட 30 ஆண்கள் 12 வாரம் கண்காணிக்கப்பட்டனர். சாறு எடுத்தவர்களுக்குக் கொழுப்பின் அளவு குறைந்தது. எடையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதே ஆண்டு பெண்களிடம் நடந்த ஆய்வில் கொழுப்பும் குறையவில்லை.

ஆபத்து எங்கே?

அளவில்தான். உலர்ந்த வேரில் ஃபோர்ஸ்கோலின் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழ். மாத்திரைச் சாற்றிலோ 10 சதவீதம், அதற்கு மேலும் உண்டு. ஆண்களிடம் நடந்த ஆய்வில் கொடுத்த அளவு நாளுக்கு 50 மில்லிகிராம். வேரில் அரை சதவீதம் இருப்பதாக வைத்தால்கூட, அது 10 கிராம் உலர்ந்த வேருக்குச் சமம்.

வயிற்றுப்போக்கு, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது ஆகியவை இதன் பக்கவிளைவுகள். ஜப்பான் அரசு 2020 ஜூன் முதல் இதைச் சிறப்புக் கவனம் தேவைப்படும் 4 பொருட்களில் ஒன்றாக வைத்துள்ளது. பாதிப்பு ஏற்பட்டால் நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்போர், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், அறுவை சிகிச்சைக்குத் தயாராவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சமைக்கும் கூர்க்கன் இதுவா?

இல்லை. பொரியல் செய்யும் சிறுகிழங்கைக் கேரளத்தில் ‘கூர்க்க’ என்பார்கள். அது வேறு செடி. அதைச் சாப்பிடப் பயம் வேண்டாம். மருந்துக்கூர்க்கனோ தொழிற்சாலைக்குப் போகிற வேர். வயலில் கிடைக்கிறதே என்று கஷாயம் வைத்துக் குடிப்பது, அளவு தெரியாமல் மருந்து சாப்பிடுவதற்குச் சமம்.