டேப்லெட்டுக்கு எந்த ஹெட்போன்?

'மகள் டேப்லெட்டில் கீபோர்டு ஆப் வைத்துப் பழகுகிறாள். பக்கத்தில் தம்பி படிக்கிறான். வயர் ஹெட்போன் வாங்கலாமா, புளூடூத்தா?' என்று கேட்டிருக்கிறார் புவனகிரி வாசகி ஒருவர்.

வயர் வாங்குங்கள். புளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்துத்தான் காதுக்கு வரும். படம் பார்க்கையில் ஆப் அதைச் சரிக்கட்டிவிடும்; வாசிக்கும்போது விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் போகும். வயருக்குச் சார்ஜும் வேண்டாம். 2011 டிசம்பரில் 'தானே' புயலுக்குப் பின் நாள்கணக்கில் இருட்டில் இருந்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வாங்கும் முன் டேப்லெட்டில் 3.5 மி.மீ. வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் வந்த 10-ம் தலைமுறை ஐபேடில் அது கிடையாது. அப்படியானால் டைப்-சி ஹெட்போன் கேளுங்கள்.

சிதம்பரம் பஸ் நெரிசலில் பாட்டு கேட்பவருக்குப் புளூடூத்தே வசதி.

எது வாங்கினாலும் சத்தத்தில் கவனம் தேவை. குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. வீட்டில் டெசிபல் அளக்க முடியாதுதான். பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் மகளைக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கவில்லையா? வால்யூமைக் குறையுங்கள்.