“எதற்கும் எடுத்துவிடலாம்” என்பது ஒரு காரணமா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகள் போன் செய்தாள். வயது 23, சென்னையில் வேலை. “அத்தை, கடைவாயில ஈறு வீங்கிடுச்சுன்னு போனேன். ஞானப்பல் நாலையும் எடுத்துடணும்னு சொல்றாங்க. நாலும் சேர்த்து எடுத்தா பேக்கேஜாம், இந்த வாரமே கட்டினா தள்ளுபடியாம்” என்றாள். “வலி எத்தனை பல்லில்?” என்று கேட்டேன். “ஒண்ணுலதான்” என்றாள். “மற்ற மூன்றும் என்ன தப்பு செய்தன?” என்றேன். “எதுக்கும் எடுத்துடலாம்னு சொன்னாங்க அத்தை.”

விஷயம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கே வேறு பாட்டு. “பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்”, “கல்யாணம் ஆக வேண்டிய பெண், முகம் ஒடுங்கிவிடும்”, “கிராம்பை வைத்து அழுத்து, எதற்கும் எடுக்காதே”. இத்தனை சொன்ன பெரியவர்களில் ஒருவர்கூட அந்த எக்ஸ்ரேயை அனுப்பச் சொல்லவில்லை.

ஒரு பக்கம் எதற்கும் எடு, இன்னொரு பக்கம் எதற்கும் எடுக்காதே. இரண்டிலும் இருப்பது ‘எதற்கும்’தான். காரணத்தைக் காணோம். முப்பது வருடம் உங்களிடம் “விடை மட்டும் போதாது, வழிமுறையையும் எழுது” என்று மார்க் குறைத்தவள் நான். இதற்கு எப்படி மார்க் போடுவேன்?

முதலில் என் தப்பைத் திருத்திக்கொள்கிறேன். மனிதனுக்குப் பற்கள் 32 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். எல்லோருக்கும் 32 இருக்காது. கடைசியாக முளைக்கும் நான்கு கடைவாய்ப் பற்கள்தான் ஞானப்பற்கள். பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் வெளியே வரும். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை. சிலருக்கு இடமில்லாமல் சாய்ந்தோ, பாதி ஈறுக்குள்ளோ, முழுக்க எலும்புக்குள்ளோ கிடக்கும். அப்படிக் கிடப்பது மட்டுமே ஒரு நோய் அல்ல.

எடுக்கச் சொல்பவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“பின்னால் தொல்லை கொடுக்கும்.” கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பிரிட்டனில் அரசு மருத்துவ சேவைக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு, நோய் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2020இல் மறுபடி பார்த்தது. தொல்லை தராத, நோயில்லாத பல்லை எடுப்பதுதான் நல்லது என்றோ, விடுவதுதான் நல்லது என்றோ தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. ஆதாரம் இல்லாத இடத்தில் “கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும்” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

“முன்பற்களை நெருக்கிக் கோணலாக்கிவிடும்.” முன்பல் நெருங்குவதை மட்டும் காரணம் காட்டி ஞானப்பல்லை எடுப்பதற்கு ஆய்வுகள் துணை நிற்கவில்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதாக ஆக முன்பல் நெருங்கும்.

“சின்ன வயதில் எடுத்தால் சுலபம்.” இது உண்மைதான். இளவயதில் புண் சீக்கிரம் ஆறும், சிக்கல் குறைவு. ஆனால் தேவையில்லாத வேலையைச் சுலபமாகச் செய்து முடித்தாலும் அது தேவையில்லாத வேலைதான்.

அதற்கும் ஒரு விலை உண்டு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். நாக்குக்குப் போகும் நரம்பும் பக்கத்தில்தான் போகிறது. எடுக்கும்போது இவற்றில் அடிபட்டால் மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். மிகச் சிலருக்கு நிரந்தரமாக நின்றுவிடும். இன்னொன்று, பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் கரைந்துபோய் எலும்பு வெளியே தெரிந்தால், இரண்டு மூன்று நாளில் காது வரைக்கும் வலி தெறிக்கும். நோயுள்ள பல்லுக்காக இந்த ஆபத்தை ஏற்கலாம். தள்ளுபடிக்காக ஏற்கலாமா?

இதைப் படித்துவிட்டு “பார்த்தீங்களா, டீச்சரே எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்று கிளம்பும் உறவுகளே, நில்லுங்கள். உங்களுக்கும் இருக்கிறது.

1990இல் எனக்கு 29 வயது. கீழே வலது ஞானப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து, பாதி வெளியே வந்து நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறு வீங்கும், வாய் திறக்க முடியாது, வகுப்பில் பாடம் நடத்த முடியாது. டாக்டர் எடுக்கச் சொன்னார். வீட்டில் கண் போய்விடும் என்றார்கள். நானும் பயந்தேன். கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பி அந்த இடத்தையே வெந்துபோகச் செய்தேன். நான்கு வருடம் ஓட்டினேன். அதற்குள் சாய்ந்த பல்லுக்கும் முன்பல்லுக்கும் இடையே சாப்பாடு சேர்ந்து சேர்ந்து, ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பக்கத்துப் பல் பின்புறமாகச் சொத்தையாகி வேர்வரை போய்விட்டது. கடைசியில் ஒரே நாளில் இரண்டையும் எடுத்தார்கள். அன்று முதல் இன்றுவரை முறுக்கு கடிப்பது இடது பக்கம்தான். ஒரு பல்லைக் காப்பாற்றப் போய் இரண்டை இழந்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

கண் கதையையும் இத்தோடு முடித்துவிடுவோம். பல்லின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது மூளை நரம்பு. அதன் ஒரு கிளை கண்ணைச் சுற்றியும் போகிறது. அதனால்தான் மேல்பல் வலித்தால் கண்ணும் தெறிப்பதுபோல் இருக்கிறது. பார்வையைக் கொண்டுபோவது இரண்டாவது மூளை நரம்பு, அது தனி. பல்லை எடுத்தால் பார்வை போகும் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கைமாற்றிக்கொண்டு வரும் பயம்.

ஆகவே எப்போது எடுக்க வேண்டும்? ஈறு திரும்பத் திரும்ப வீங்கிப் பழுத்தால், அல்லது ஒரே தடவையானாலும் கடுமையாக வந்தால். அடைத்துச் சரிசெய்ய முடியாத சொத்தை இருந்தால். பக்கத்துப் பல்லை அரித்தால். சீழ் கட்டினால், நீர்க்கட்டி தெரிந்தால். முன்பக்கமாகச் சாய்ந்து பாதி முளைத்த கீழ்ப்பல்லை விட்டுவைப்பதென்றால் பக்கத்துப் பல்லை விடாமல் கண்காணிக்க வேண்டும். பிரிட்டனில் அந்த நெறிமுறை வந்தபின் எடுக்கும் வயது தள்ளிப்போனது, பக்கத்துப் பல்லில் சொத்தையோடு வருகிறவர்களும் கூடினார்கள் என்று அங்குள்ள மருத்துவர்களே விமர்சித்திருக்கிறார்கள். ‘விடுவது’ என்றால் மறந்துவிடுவது அல்ல.

தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைக்கும், உயிரே போகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் இரண்டு மாத்திரை அதைக் காப்பாற்றாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எழுதிக்கொள்ளுங்கள்.

1. இந்தப் பல்லில் இன்றைக்கு என்ன நோய்? எக்ஸ்ரேயில் காட்டுங்கள்.
2. எடுக்காவிட்டால் என்ன ஆகலாம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்?
3. வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?
4. நான்கையும் எடுப்பதென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் என்ன?

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். என் மாணவர்களில் பல் டாக்டர்கள் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். கோபப்படுகிறவரிடமிருந்து எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் பிரிவு உண்டு. இரண்டாவது கருத்து கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது.

என் தம்பி மகளும் அரசு பல் மருத்துவமனை ஒன்றுக்குப் போய் அரை நாள் வரிசையில் நின்றாள். அங்கிருந்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பல்லாகக் காட்டினாராம். கீழே இடது பல் சாய்ந்திருக்கிறது, மூன்று முறை வீங்கியாயிற்று, அதை எடுக்க வேண்டும். கீழே வலது பல் முழுக்க எலும்புக்குள் இருக்கிறது, நோய் இல்லை, வேர் நரம்பை ஒட்டியிருக்கிறது, தொடாமல் கண்காணிப்போம். மேலே வலது பல் நேராக இருக்கிறது, விட்டுவிடலாம். மேலே இடது பல், கீழ்ப்பல் போனபின் இறங்கி வந்து ஈறைக் கடிக்கிறதா என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். நான்கு பல்லுக்கு நான்கு தனித்தனி விடைகள். இதற்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

ஒரு பல் எடுத்தாயிற்று. நான்கு நாள் வீக்கம், ரசம் சாதம், பிறகு வேலைக்குப் போய்விட்டாள். கண் நன்றாகத் தெரிகிறது என்று குழுவில் அவளே எழுதிவிட்டாள்.

ஏன் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நம் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். வகுப்பில் “கையைக் கட்டு, வாயைப் பொத்து” என்று சொன்ன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பொத்திய வாயோடு பல் டாக்டரிடம் போய் உட்காராதீர்கள். வாயைத் திறப்பதற்கு முன்னால் கேள்வியைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்