பழுது பார்த்தலும் துடைத்தெறிதலும்

கணினி மந்தமாக ஓடுகின்றது என்று எண்ணி, அதனை விரைவுபடுத்தித் தருவதாகச் சொல்லும் மென்பொருளொன்றைக் காசின்றி இறக்கி ஓட்டிவிட்டு, மறுநாட் காலை அக்கணினி நீலத்திரையோடு நின்றுவிடக் கண்டு திகைக்கும் மாணாக்கர் எல்லாக் கலாசாலைகளிலும் உளர். நம் கலாசாலையிலும் உளர். அவர்கள் அதனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றனர். ஆங்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "பார்மேட் அடித்துவிடலாம்." மாலைக்குள் யந்திரம் பிறந்த குழந்தைபோல் மாசு மறுவின்றித் திரும்பி வருகின்றது, குழந்தையைப் போலவே அதற்குப் பழைய நினைவு ஒன்றும் இருப்பதில்லை. மூன்றாண்டுப் பாடக்குறிப்புகளும், பாதி எழுதிய ஆய்வேடும், வீட்டாரின் படங்களும் அத்தனையும் மறைந்தொழிந்திருக்கும். இதற்குப் பழுது பார்த்தல் என்று பெயரிட்டுக் கூலியும் பெறுவது தகாது என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

மதுரை நகரத்தில் வசிப்பவர்க்கு இவ்விழப்பு ஒரு தொல்லை. பேரையூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணாக்கர்க்கோ அது பேரிழப்பு. பேரையூர் நம் ஜில்லாவின் தென்மேற்குக் கோடியிலே, மேற்குமலைகள் கண்ணிற்படும் தொலைவிலே உள்ளது. எழுமலை, சாப்டூர், டி. கல்லுப்பட்டி முதலிய ஊர்கள் அத்தாலுகாவைச் சேர்ந்தவை. அங்கே வானத்தை நம்பி விதைக்கும் குடும்பங்கள் பல. அவற்றுட் பலவற்றில் பட்டம் படிக்கச் சென்ற பிள்ளையின் மடிக்கணினியே வீட்டிலுள்ள ஒரே கணினி. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோதுதான் அத்தகைய வீடுகள் பலவற்றுள் முதன்முதலாகக் கணினி புகுந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாத வரவு செலவுத் திட்டத்திலே கல்லூரி மாணாக்கர் 20 இலட்சம் பேருக்குக் கணினிக் கருவி வழங்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. யந்திரம் வருகின்றது. அது கெட்டால் என் செய்வது என்ற அறிவு அதனோடு பெட்டியில் வைத்து அனுப்பப்படுவதில்லை.

அக்கணினியுள் இருப்பது மாணாக்கனுடைய பாடம் மட்டுமன்று. தகப்பனாரின் பட்டா, சிட்டா நகல்கள், தங்கையின் சாதிச் சான்றிதழ், உதவித்தொகை மனுக்கள், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியனவும் அதிலே தங்கியிருக்கும். துடைத்தெறிந்தவற்றை மீட்டுச் சேர்க்கத் திருமங்கலத்துக்கும் மதுரைக்குமாக எத்தனை நாள் பேருந்து ஏறவேண்டும், எத்தனை நாட் கூலி கெடும் என்று கடையிலே கணக்கிடுவார் இல்லை.

நிற்க. விரைவுபடுத்தும் மென்பொருள் கணினியைக் கெடுப்பது எங்ஙனம்? விண்டோஸ் என்னும் இயங்குதளம் தன் உள்விவகாரங்களையெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்ளுகின்றது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதலாக அப்பதிவேடே அதன் நடுநாடி. எந்த மென்பொருள் எவ்விடத்தில் நிறுவப்பட்டது, எந்தச் சாதனத்துக்கு எந்த இயக்கி, எது முன்னே எழ வேண்டும், எது பின்னே என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. நம் கிராமங்களிலே முன்னாளில் கர்ணம் வைத்திருந்த அடங்கலையும் சிட்டாவையும் இதற்கு ஒப்பிடலாம். (பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது, கணக்கேடுகள் ஒழியவில்லை.) கர்ணத்தின் ஏட்டிலே செத்தவர் பெயரும் இருக்கும், ஊரைவிட்டுப் போனவர் பெயரும் இருக்கும், ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்களும் இருக்கும். புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் ஊரை அறியாதவராய், "இப்பெயருடையார் எவரும் ஈண்டு வசிக்கக் காணோம்" என்று அப்பக்கங்களைக் கிழித்தெறிந்தால் எத்தனை வியாச்சியங்கள் கிளம்பும்! பதிவேட்டைத் துப்புரவாக்கும் மென்பொருள் செய்வதும் அவ்வளவே. ஒரு குறிப்பு சுட்டும் கோப்பு இப்போது கண்ணிற்படவில்லை என்றால் அதனைக் குப்பை என்று முடிவுகட்டுகின்றது. அக்கோப்பு நாளைக்குத் தேவைப்படலாம் என்பதும், வேறொரு மென்பொருள் அக்குறிப்பை நம்பியிருக்கலாம் என்பதும் அதற்குத் தெரியா.

கோதுமை வயலிலே பகைவன் விதைத்த களைகளைப் பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்டபோது, களையோடு கோதுமையும் வேரற்றுப் போகக்கூடுமென்று எஜமான் அவர்களைத் தடுத்த உவமை நம் சிற்றாலயத்தில் அடிக்கடி வாசிக்கப்படுவது. அவ்வெஜமான் பயிர்த்தொழில் அறிந்தவன். துப்புரவு மென்பொருளை எழுதுவோரும் அறியாதவரல்லர். எனினும் "உம் கணினியில் 1,200 பிழைகள்" என்று செவ்வெழுத்திலே காட்டினாலன்றித் தம் சரக்கு விலைபோகாது என்பதையும் அவர்கள் அறிவர். உண்மையில் அப்பதிவேட்டிலே குறிப்புகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஆயிரத்தை அகற்றுவதால் விரைவு கூடுவது உணரத்தக்க அளவினதன்று. மைக்ரோசாப்ட் நிறுவனமே முன்னொரு காலத்தில் இத்தகைய கருவியொன்றை வெளியிட்டுப் பின் விலக்கிக்கொண்டது. இப்போது அது இவ்வகைக் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், இவற்றால் விளையும் கேடு இயங்குதளத்தை மீண்டும் நிறுவ வேண்டிய அளவுக்கும் போகலாம் என்றும் எழுத்து மூலமாகவே எச்சரித்துள்ளது.

பிழைகளை எண்ணிக் காட்டும் வித்தை எவ்வளவு பொய்யாக இருக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்க வழக்கொன்று சான்று. ஆபீஸ் டிப்போ என்னும் பெருங்கடையில் வாடிக்கைக்காரர்களின் கணினியைப் பரிசோதிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தனர். அது முதலில் நான்கு கேள்விகள் கேட்கும்: கணினி மந்தமா, அடிக்கடி நின்றுவிடுகின்றதா என்பன போல. அவற்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என்று குறியிட்டால் போதும்; பரிசோதனையில் ஒன்றும் அகப்படாவிடினும் தீய மென்பொருளின் அறிகுறி உண்டு என்று அறிக்கை வந்துவிடும். அவ்வறிக்கையைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலர் பெறுமான பழுதுபார்ப்பு விற்கப்பட்டது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கிலே 2019ஆம் ஆண்டு அக்கடை 250 இலட்சம் டாலரும், அம்மென்பொருளைத் தந்த சப்போர்ட்.காம் நிறுவனம் 100 இலட்சம் டாலரும் செலுத்த இசைந்தன. நோயுண்டா என்று வைத்தியர் நோயாளியையே கேட்டுவிட்டு, அவன் சொன்னதையே சோதனையின் முடிபாக எழுதித் தந்ததை இது ஒக்கும்.

நேர்மையாக எழுதப்பட்ட கருவியும் ஆபத்துக்கு வாயில் ஆகலாம். சிசிளீனர் என்பது உலகெங்கும் பேர்பெற்ற துப்புரவு மென்பொருள். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த அதன் 5.33ஆம் பதிப்புக்குள் கள்வர் நுழைந்து தம் நச்சு நிரலைச் சேர்த்துவிட்டனர், ஏறத்தாழ 22.7 இலட்சம் கணினிகளில் அது குடியேறிய பின்னரே செப்டம்பரில் செய்தி வெளியாயிற்று. வீடு பெருக்க வந்தவளிடம் வீட்டுச் சாவி அனைத்தையும் கொடுத்து வைப்பது போன்றது இது. அவள் நல்லவளாயினும் அவள் மடியிலிருந்து சாவியைத் திருடுவோர் இருப்பர்.

ஆயின் கணினி மந்தமாயிருப்பது பொய்யா? அன்று. பழைய மடிக்கணினிகளிலே சுழலும் வன்தட்டு உண்டு; நினைவகம் சிறிது; கணினி எழும்போதே கூட எழுந்து உட்காரும் மென்பொருள்கள் பத்துப் பன்னிரண்டு. சுழல்தட்டை எடுத்துவிட்டுச் சுழலாத் தட்டு பொருத்துவதும், நினைவகத்தைக் கூட்டுவதும், வேண்டாத மென்பொருள்களைக் கையால் ஒவ்வொன்றாய் நீக்குவதுமே மெய்யான பரிகாரம். விண்டோஸ் 10க்கு வழங்கி வந்த இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14ஆம் நாள் பொதுவாக முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் தகுதியற்ற பழைய யந்திரங்களை வைத்திருப்போர் விரைவுபடுத்தும் கருவிகளைத் தேடி மேலும் அலைவர் என்று யான் அஞ்சுகின்றேன். அவர்கட்கு லினக்ஸ் நல்ல புகலிடம். அதனைக் குறித்து வேறு சமயம் எழுதல் கூடும்.

இனி, கெட்ட பின் செய்வது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்தது பலர் நினைவிலிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகத்தில் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்கலாயினர். அதற்குப் பரிகாரமாக அந்நிறுவனம் சொன்னது யாது? கணினியைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, குறித்த ஒரு கோப்பை மட்டும் நீக்கி, மீண்டும் எழுப்புக என்பதே. 85 இலட்சத்தையும் துடைத்தெறிக என்று அறிவுள்ளார் எவரும் சொல்லவில்லை. விமான நிலையத்துக் கணினிக்கு உரிய மரியாதை பேரையூர் மாணாக்கன் கணினிக்கு ஏன் இல்லை?

முறையாகப் பழுது பார்ப்பவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியாக இதில் என்ன மாற்றினீர்?" என்பது. அடுத்து, எதையும் தொடுமுன் உள்ளிருப்பவற்றை வெளியே எடுத்து வைப்பது. கணினி எழாவிடினும், கைவிரலளவான யுஎஸ்பி துண்டில் லினக்ஸை ஏற்றி அதன் வழியாக எழுப்பினால், கோப்புகளை வேறொரு வட்டுக்குப் பெயர்த்துவிடலாம். ஈண்டு ஓர் எச்சரிக்கை: இக்காலத்துப் புதுக் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதன் 48 இலக்கத் திறவுஎண் உடையவரின் மைக்ரோசாப்ட் கணக்கிலே கிடக்கும். அதனைத் தாளில் எழுதிப் பெட்டியிலே வைத்திராதவர்க்கு ஆபத்து வேளையில் தம் வீடே திறவாது.

கோப்புகள் பத்திரமான பிறகு மீட்பு. எழுவதில் இரண்டு மூன்று முறை தவறினால் விண்டோஸ் தானே தன் மீட்புத் திரையைக் காட்டும். அதிலே மீட்புப் புள்ளி ஒன்று கிடைத்தால், பதிவேடு கெடுமுன் இருந்த நிலைக்குக் கணினி திரும்பும். சொந்தக் கோப்புகள் அசையா. கிடைக்காவிடில் பாதுகாப்பு நிலை. துப்புரவு மென்பொருள்களுட் சில, நீக்குமுன் நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பதுண்டு. அன்று ஆம் என்று சொன்னவர் அந்நகலை இன்று மீளச் சேர்க்கலாம். கெட்ட இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்த்துப் புதுப்பிக்கும் கட்டளைகளும் விண்டோஸிலேயே உள்ளன. இவையனைத்தும் பயன்படாதபோது, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவும் வழி உண்டு. முற்றும் துடைப்பது அதற்கும் அப்பால், கடைசிப் படி. நம் கடைகளிலோ அதுவே முதற்படி.

ஒன்று கவனிக்கத்தக்கது. முன்னாளில் விண்டோஸ் தன் பதிவேட்டுக்குத் தானே ஒரு நகல் எடுத்து வைத்துவந்தது. 2018இல் வந்த 1803ஆம் பதிப்பு முதல் வட்டிலே இடம் மிச்சமாகும் பொருட்டு அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. மீட்புப் புள்ளி எடுக்கும் வசதியும் பல கணினிகளில் அணைத்தே வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அதனை இயக்கி வைப்பது உடையவரின் கடமையாயிற்று.

கடைக்காரரை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. மேற்சொன்ன முறைக்கு அரைநாள் பிடிக்கும். துடைப்பதற்கு ஒரு மணி போதும். வாடகையும் மின்கட்டணமும் அவர் தலைமேலே. மாணாக்கரும் "மாலைக்குள் வேண்டும்" என்று நெருக்குகின்றனர். உள்ளே இருப்பது வேண்டுமா என்று கேட்டால் "பரவாயில்லை" என்று விரைந்து சொல்லிவிட்டு, இரவிலே நினைத்து வருந்துகின்றனர். எனினும், உள்ளிருப்பவற்றை எடுத்து வைப்பதற்கு இவ்வளவு, பழுது நீக்குவதற்கு இவ்வளவு, துடைப்பதற்கு இவ்வளவு என்று கூலியைப் பிரித்துச் சொல்லித் தெரிந்தெடுக்க விடுவதில் கடைக்காரருக்கு நட்டம் யாதுமில்லை.

பேரையூர்த் தாலுகாவைச் சேர்ந்த கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன ஆசிரமத்திலேதான் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். லண்டனில் கணக்காய்வு பயின்ற அக்கிறிஸ்தவ அறிஞர் கிராமக் கைத்தொழிலுக்கே தம் வாழ்வை ஒப்புவித்து, நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி 1945இல் நூலும் வெளியிட்டார். கணினியைக் குறித்து அவரைச் சாட்சிக்கு இழுப்பது அடாது. ஆயினும் அவர் நடந்த அவ்வூர்களிலே கலப்பை முறிந்தால் தச்சரும் கொல்லரும் கலப்பையைத்தான் செப்பனிட்டனர். வயலையும் உழுது தள்ளிவிட்டுப் புதிதாய்த் தொடங்கு என்று சொன்னதில்லை. கணினிக்கும் அத்தகைய கைத்தொழிலாளர் பேரையூரிலேயே இருத்தல் வேண்டும். அவர்களை உண்டாக்க வல்லது நம் போன்ற கலாசாலையே.

கணினித் துறையாருக்கு யான் விண்ணப்பிப்பது பெரிதன்று. வாரத்தில் ஒருநாள் பிற்பகல் ஓர் அறை, இரண்டு மேசை, பெரிய வெளிவட்டு ஒன்று, மீட்பு ஏற்றிய யுஎஸ்பி துண்டுகள் சில. மூன்றாமாண்டு மாணாக்கர் இருவர் அமர்ந்து, வருவோரின் கணினியை அவர் கண்முன்னே, என்ன செய்கின்றோம் என்று சொல்லிக்கொண்டே செப்பனிடட்டும். ஆண்டு விடுமுறை தொடங்குமுன் வரும் வாரத்தை அதற்கு முதல் வாரமாகக் கொள்ளலாம். ஊருக்குப் பேருந்து ஏறுமுன் ஒவ்வொருவரும் தம் கோப்புகளுக்கு நகலும், ஒரு மீட்புப் புள்ளியும், தாளில் எழுதிய அந்த 48 இலக்கமும் கைக்கொண்டு செல்லட்டும்.