வாளில்லாத நாயகன்

சிறுவர் மாயக்கதை ஒன்றை வீடியோ கேமாக மாற்றுகிறவர்கள் பலரும் முதல் வேலையாக நாயகன் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நார்வேயின் ஹைப்பர் கேம்ஸ் உருவாக்கி 2024இல் வெளிவந்த 'ஸ்னஃப்கின்: மெலடி ஆஃப் மூமின்வேலி' அந்தப் பக்கமே போகவில்லை. அதற்காகவே அதைக் கொண்டாட வேண்டும் என்பேன். பின்லாந்து எழுத்தாளர் டூவே யான்சன் 1945இல் தொடங்கிய மூமின் கதைகளில் வரும் நாடோடி ஸ்னஃப்கின். தோளில் ஒரு பை, கையில் மவுத் ஆர்கன், அவ்வளவுதான் சொத்து. அவனுக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால், 'இங்கே நுழையாதே', 'புல்லை மிதிக்காதே' வகைப் பலகைகள். 1954இல் வந்த கதையில் பூங்காக் காவலரின் பலகைகளை அவன் பிடுங்கிப் போடுவான். அந்த ஒரு குணத்திலிருந்தே விளையாட்டின் விதிகளை நெய்திருக்கிறார்கள். மூமின்களின் பள்ளத்தாக்கெங்கும் வேலி போட்ட பூங்காக்கள் முளைத்திருக்கின்றன. ரோந்து வரும் காவலர்களின் கண்ணில் படாமல் பதுங்கிப்போய் ஒவ்வொரு பலகையாகப் பிடுங்க வேண்டும். எல்லாப் பலகைகளும் போனபின் காவலர்களும் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் குறுக்கிடும் பிராணிகளை வாசித்தே வசப்படுத்தலாம்.

ஒரு குறை உண்டு. யாருக்கும் கட்டுப்படாதவனை ஊராரின் எடுபிடி வேலைகளுக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள். அது அவன் சுபாவத்துக்கு ஒட்டவில்லை. ஆனாலும், கதையின் உலகத்தை மட்டும் வரைந்து காட்டிவிட்டு அதன் மனதைக் கோட்டைவிடும் தழுவல்களுக்கு நடுவே இது தனித்து நிற்கிறது. ஹாரி பாட்டரையோ நார்னியாவையோ அடுத்து கையிலெடுப்பவர்கள் இதை ஒருமுறை முழுதாக விளையாடிப் பார்க்கட்டும்.