ஆணை முன்னே, ஆராய்ச்சி பின்னேயா?

அமிர்தகழி என்னும் பெயரிலே அமிர்தமும் உண்டு; கழியும் உண்டு. கழியில் வலை வீசுவோருக்கும், வாவிக்கப்பால் படுவான்கரையில் நெல் விதைப்போருக்கும் கிட்டாதது அந்த அமிர்தமே! தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டு மக்களுள் வறியோர் 4.1 வீதம், மட்டக்களப்பு மாவட்டத்திலோ 11.3 வீதம். வயலும் வாவியும் கடலும் வாய்த்த மண்ணில் இந்த வறுமை விதியின் செயலா? ஆராயாது ஆளும் ஆட்சியின் செயலே என்கின்றோம்.

ஆராய்ச்சியால் உழவனுக்கு என்ன பயன் என்று கேட்போர் உளர். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1958இல் அளித்த எச்-4 நெல்லினம் விளைச்சலைப் பெருக்கவில்லையா? ஆராய்ச்சியைப் புறக்கணித்தால் விளைவது யாதென்பதையும் கண்டோம். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர், கேட்பாரில்லை. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால், பயிர் காத்திருக்குமா? அப்பெரும்போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. இயற்கைப் பசளைக்கு நாம் பகைவரல்லர். ஒரு நாட்டின் வயல்களையெல்லாம் ஒரே போகத்தில் பரிசோதனைக்கூடமாக்கிய ஆணவத்தையே கண்டிக்கின்றோம்!

எமது வாவியிலும் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டிய வழக்கொன்று உண்டு. மாரி வெள்ளம் வயலை மூடும்போது, முகத்துவாரத்தை வெட்டுக என்பர் உழவர். நீர் வேகமாக வடிந்தால் மீனும் இறாலும் கடலோடு போகுமென அஞ்சுவர் மீனவர். இரு சாராரின் வயிற்றுப்பாடும் மெய்யே. எப்போது, எந்த நீர்மட்டத்தில், எவ்வளவு அகலத்தில் வெட்டுவது? ஆண்டாண்டாக அளந்த கணக்கு இதற்கு விடை கூறவேண்டும். அதிகாரியின் வாசலில் உரத்துக் கூவுவோர் எவரோ, அவர் பக்கம் தீர்ப்புச் சாயலாகாது.

கமநல ஆராய்ச்சிக்கென 1972இல் தோன்றிய நிறுவனம் கொழும்பில் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அலமாரியில் உறங்கும் ஆங்கில அறிக்கை அமிர்தகழிக்கு உதவாது. ஆகவே கேட்கின்றோம்: வாவியின் நீர்மட்டம், உப்புச்செறிவு, மீன்பாடு, வயலின் விளைவு ஆகியன ஆண்டுதோறும் அளக்கப்படல் வேண்டும். ஆய்வுக் குழுவில் உழவரும் மீனவரும் சமமாக அமர வேண்டும். முடிவுகள் தமிழில், விதைப்புக்கு முன்னரே, ஊரவர் கைக்கு வரவேண்டும்.

கற்ற தமிழரே! உங்கள் கல்விக்கு இம்மண் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள். அளவுகோலோடு வாவிக்கரைக்கு வாருங்கள். உழவரே, மீனவரே! இனியோர் ஆணை வருமாயின், அதன் ஆராய்ச்சி எங்கே என்று கேளுங்கள். காட்ட இயலாத ஆட்சிக்கு ஆணையிடும் அருகதை இல்லை!